இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

படத்தில் அதற்கு ஆறு கொம்பு.
எண்ணினேன்.
ஐந்து ரோட்டுத் தியேட்டரில், மதியக் காட்சி,
ஏசி வேலை செய்யாத இடதுபக்க வரிசையில்
மூக்குக்கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடி மாட்டி
எண்ணினேன். ஆறு.
நீலக் கண்.
முதுகில் கப்பல் பாய் மாதிரி ஒரு தோல்.
ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.
வில்லன் அதைக் கூப்பிடும்போதெல்லாம்
பின்வரிசைப் பையன்களும் கூடவே கூப்பிட்டார்கள்.

நாவலில் அது வெறும் ‘அது’.
மூன்று பாகம், ஆயிரத்து நூறு பக்கம்,
ஓரிடத்தில்கூட எத்தனை கால் என்று இல்லை.
உப்பு மலையிலிருந்து அது இறங்கிய இரவில்
கிணறுகள் தாமே மூடிக்கொண்டன என்று இருக்கும்.
பார்த்தவர்கள் தம் வீட்டு வாசல் எந்தத் திசை என்பதை
மூன்று நாள் மறந்திருந்தார்கள் என்று இருக்கும்.
அவ்வளவுதான்.
மிச்சத்தை நான் செய்தேன்.

கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில்
பொழுதுசாய நிறுத்திவைத்த இயந்திரத்தின் கழுத்து,
பதினாலாவது வளைவில் ஒருமுறை
பேருந்தை ஏழு நிமிடம் மறித்து நின்ற காட்டெருமையின்
அவசரமில்லாமை,
மார்கழியில் எங்கள் மிளகு குடோனின் கூரைத்தகரம்
இரவில் சுருங்கும்போது எழுப்பும் சத்தம்,
இதையெல்லாம் போட்டு
எட்டு வருஷமாக வளர்த்திருந்தேன்.
இரண்டே முக்கால் மணி நேரத்தில்
கொம்பு முளைத்துவிட்டது.
இப்போது எவ்வளவு கண்ணை மூடினாலும்
நீலம்தான் திறக்கிறது.

பியூலா புத்தகம் படித்தவளில்லை.
“சூப்பராத்தான இருந்துச்சு, உனக்கென்ன?”
என்றாள் தட்டுவடை செட்டைக் கடித்தபடி.
பீட்ரூட் துருவல் அவள் சுடிதாரில் விழுந்தது.
நான் பட்டியல் போட்டேன்:
உப்பு வியாபாரிகளின் வழக்கையே காணோம்,
ராணியின் தங்கை சாகவே இல்லை,
ஒற்றைச் செருப்போடு நாடு கடக்கும் கணக்கனைக்
காமெடியன் ஆக்கிவிட்டார்கள்
(நானும் கணக்கெழுதுகிறவள் என்பது இதில் சேராது).
தலையாட்டிக்கொண்டே கேட்டவள்
காசைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:
“அந்தப் படகுக்காரன் துடுப்பைக் கீழ வைப்பானே,
அப்ப நீ அழுத. நான் பார்த்தேன்.”

உண்மை.
நாவலில் அது ஒன்பது பக்கம்.
அவன் மகன், அவன் கடன்,
நதிக்கும் அவனுக்குமான பழைய பகை,
எல்லாம் விளக்கியிருக்கும்.
ஒன்பதையும் நான்
எப்போதும் புரட்டித் தள்ளிவிட்டுத்தான் போவேன்.
படத்தில் விளக்கமே இல்லை.
யாரென்றே தெரியாத ஒரு வயசான நடிகர்
துடுப்பை வைத்தார்,
தூங்கிப்போன பிள்ளையைக் கிடத்துவதுபோல.
நாலு விநாடி.
இதை அவளிடம் ஒப்புக்கொள்ள
அடிவாரம் வரை ஆனது.

பேருந்து ஏறியது. ஒன்பதாவது வளைவுக்குமேல்
பலகையில் எண்ணைப் பனி தின்றிருந்தது.
பியூலா என் தோளில் தூங்கினாள்.
எனக்கு அந்தப் பென்சில் படம் நினைவு வந்தது.

ஏற்காடு கிளை நூலகத்துப் பிரதி,
இரண்டாம் பாகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
எனக்குமுன் எடுத்துப்போன யாரோ
ஓரத்தில் ‘அதை’ வரைந்திருந்தார்கள்.
கோபம்.
நீ யார் அதற்கு உடம்பு கொடுக்க?
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
தாள் மெலிந்து
பக்கத்திலிருந்த கிணற்றின் கடைசி எழுத்தும் போனது.
படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போய் எடுத்தேன்.
தேதி முத்திரைகளில் பாதி என்னுடையவை.
ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தைச் சாய்த்தால்
பென்சில் அழுத்திய பள்ளம் இன்னும் இருக்கிறது.
ஒரு வளைகோடு. முதுகாக இருக்கலாம்.
கீழே சின்னச் சின்னக் குழிகள்,
கால்களோ, மழையோ.
கொம்பு இல்லை.
அல்லது கொம்பு இருந்த இடத்தில்தான்
நான் அதிகம் தேய்த்திருக்கிறேன்.

“பக்கம் கிழிஞ்சிருக்காம்மா?”
நூலகர் எட்டிப் பார்த்தார்.
இல்ல சார்,
தேஞ்சிருக்கு.